மருந்து என்னும் பெயர்

மாஞ்சோலை என்னும் பெயரைக் கேட்ட மாத்திரத்தே நெல்லை நாட்டார் நெஞ்சில் இரண்டு காட்சிகள் எழும். மணிமுத்தாற்றருவியைக் கடந்து வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதையும், முகில் தவழும் தேயிலைச் சரிவும் ஒன்று. 1999-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் நாள், அம்மலைத் தொழிலாளர் பொருட்டு நெல்லை நகரில் நடந்த ஊர்வலத்தின் முடிவில் தாமிரபரணியாற்றில் 17 உயிர்கள் மாண்ட துயரம் மற்றொன்று. இவ்விரண்டினையும் குறித்து எழுதினார் பலர். யாம் எழுதப் புகுந்ததோ அவற்றினும் சிறியதொரு பொருள். தென்னாட்டு மலைகளில் தேயிலைத் தளிரின்மீது தெளிக்கப்பெற்ற பச்சை உப்புகள் இரண்டனைப் பற்றியும், அவற்றைத் தெளித்த கைகளுக்கு நாம் கொடாது விட்ட அறிவைப் பற்றியுமே இக்கட்டுரை.

சிங்கம்பட்டி ஜமீனுக்குரிய மலைக்காட்டில் ஏறத்தாழ 8,374 ஏக்கர் நிலம், 1929-ஆம் ஆண்டில் பம்பாய் பர்மா வர்த்தகக் கழகத்திற்கு 99 ஆண்டுக் குத்தகையாக விடப்பட்டது. காடு திருத்தித் தேயிலை நட்டனர். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி எனக் குடியிருப்புகள் எழுந்தன. குத்தகைக் காலம் முடிவதற்கு முன்னரே, 2024-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் தோட்ட வேலை நின்றது. தலைமுறை தலைமுறையாக மலையிலே பிறந்து மலையிலே மூத்தோர் கீழே இறங்கி வாழ்வு தேட நேர்ந்தது. அவர்கள் இறங்கிய பொழுது தம்மொடு கொண்டுவந்த பொருள் சில. கொண்டுவந்த அறிவு பெரிது. அவ்வறிவிலும் ஒரு குறை உண்டு. அக்குறை அவருடையதன்று என்பதே யாம் கூற விழைவது.

தேயிலைக்கு மழை வேண்டும். ஊத்தும் நாலுமுக்கும் தமிழகத்தில் மிகுமழை பெய்யும் இடங்களுள் வைத்து எண்ணப்படுவன. ஆயின் பயிருக்கு உயிரான அவ்வீரமே பயிரின் நோய்க்கும் உயிராகின்றது. வெயில் காணாத மழைநாட்களில் தளிரிலையில் ஒளி ஊடுருவும் சிறு புள்ளி ஒன்று தோன்றும். சின்னாளில் அஃது ஒருபுறம் குழிந்து மறுபுறம் கொப்புளமாகப் புடைக்கும். புடைத்த பக்கத்தில் வெண்பட்டுப் போன்ற பூஞ்சணம் படர்ந்து, எண்ணிறந்த வித்துத் துகள்களைக் காற்றில் விடும். இதனைக் கொப்புள நோய் என்பர். எக்சோபசிடியம் வெக்சன்ஸ் என்பது அப்பூஞ்சணத்தின் சாத்திரப் பெயர். 1868-ஆம் ஆண்டில் அசாமில் காணப்பட்ட இந்நோய், 1946-ஆம் ஆண்டில் தென்னிந்திய மலைகளுக்கும் இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. முற்றிய இலையை விடுத்துத் தளிரையே இது பற்றும். தளிரோ தேயிலையின் விளைச்சல் முழுமையும் ஆகும். எனவே நோய் முற்றினால் தோட்டம் வெறும் பச்சைக்காடாக நிற்கும். கொழுந்து கிள்ளுவார் கூடை வெறுங்கூடையாகும். இலங்கையில் 1869-ஆம் ஆண்டில் தோன்றிய இலைத்துரு நோய், அத்தீவின் காப்பித் தோட்டங்களையே அழித்து, அவ்விடத்தில் தேயிலை வரக் காரணமாயிற்று என்பதனை நினைப்பார்க்கு, இலைநோயொன்று எத்துணைக் குடும்பங்களின் உலையை அவிக்க வல்லது என்பது விளங்கும். ஆதலின் தெளித்தலே தீது என்று யாம் வாதிடவில்லை.

நிற்க. அம்பாசமுத்திரத்தை அடுத்த சிற்றூரொன்றில், மலைத்தோட்டங்கள் பலவற்றில் உழைத்து மூத்த பெரியவர் ஒருவரை யாம் கண்டு பேசினோம். தோட்டத்தின் பெயர் ஈண்டு வேண்டா. தெளிப்பு வேலையைப் பற்றி வினவிய பொழுது அவர் கூறியது இது:

“ரெண்டு பச்சை மருந்து உண்டு தம்பி. ஒண்ணு மாவு மாதிரி. எம்புட்டுக் கலக்குனாலும் அடியில போயி உக்காந்துக்கிடும். கை ஓயாம கலக்கிக்கிட்டே இருக்கணும். இன்னொண்ணு கற்கண்டு மாதிரி. போட்ட மாயத்துல தண்ணியோட தண்ணியாப் போயிரும்.”

“அவற்றின் பெயர் என்ன தாத்தா?” என்றோம்.

“பேரு என்ன பேரு? மருந்துதான்,” என்றார்.

அப்பெரியவர் இரசாயன நூல் ஒன்றும் கற்றவரல்லர். எனினும் எம் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவன் எழுதவேண்டிய பண்புகளுள் முதன்மையானதனைத் தம் கையனுபவத்தால் அவர் பிழையறக் கூறிவிட்டார். ஒன்று கரையாது, மற்றொன்று கரையும். எல்லா வேற்றுமையும் இவ்வொரு வேற்றுமையிலிருந்து பிறப்பன என்பதனை அவருக்கு எவரும் எடுத்துரைத்திலர். அதனை ஈண்டு விளக்குவோம்.

கரையாத பச்சைமாவு, தாமிர ஆக்சிகுளோரைடு. செம்பும், குளோரின் என்னும் உப்பீனியும், நீரின் கூறும் சேர்ந்தது அது. செம்புத் துண்டுகளைத் தாமிரக் குளோரைடுக் கரைசலில் இட்டு, அதனூடே காற்றினை ஓயாது செலுத்தினால், காற்றிலுள்ள பிராணவாயு செம்போடு கூட, இம்மாவு மெல்ல அடியில் படியும். வடித்துக் கழுவி உலர்த்துதலே எஞ்சிய வேலை. தூய நிலையில் அதன் எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ 59 பங்கு செம்பாகும்; கடைகளில் விற்கும் தூளில், நனைவதற்கும் ஒட்டுவதற்கும் வேண்டிய பிற பொருள்கள் கூடுதலின், செம்பு நூற்றுக்கு 50 பங்கு இருக்கும். திராவகத்தில் கரையும், தூய நீரில் கரையாது. இக்கரையாமையே அதன் சிறப்பு. இலைமேல் மெல்லிய போர்வையாகப் படிந்து, மழைத்துளியின் ஈரத்தில் அணுவணுவாகவே செம்பினை வெளியிடும். அவ்வீரத்தில் முளைக்க முயலும் பூஞ்சண வித்து அச்செம்பினை உறிஞ்சி, தன் உயிர்த்தொழில் குலைந்து மாயும். முழுதும் கரைவதாயின் இலையே கருகும். முதல் மழையிலே கழுவுண்டும் போகும். 1885-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு அறிஞர் மில்லார்தே, துருசினையும் சுண்ணாம்பினையும் கூட்டித் திராட்சைக்கொடியைக் காத்த போர்தோ கலவையும் இவ்வுண்மையைத் தழுவியதே. ஆயினும் செம்புக்கு ஓர் எல்லை உண்டு. அது வாயிற்காவலன் போன்றது. வீட்டினுள் புகுந்துவிட்ட கள்வனை அதனால் பிடித்தல் இயலாது.

அதன்பொருட்டே இரண்டாவது உப்பு வேண்டப்பட்டது. அது நிக்கல் குளோரைடு. நிக்கலின் ஆக்சைடையேனும் கார்பனேட்டையேனும் ஐதரோகுளோரிக் திராவகத்தில் கரைத்து, வடித்து, நீரினை மெல்ல ஆவியாக்கினால், மரகதம் போன்ற பச்சைப் படிகங்கள் விளையும். ஒவ்வொரு நிக்கல் அணுவுக்கும் ஆறு நீர்மூலக்கூறுகள் அப்படிகத்தில் உடன் உறையும். ஐதரசன் குளோரைடு வாயுவைச் செலுத்தியவாறே சூடாக்கி அந்நீரினை நீக்கினால், பச்சை மறைந்து மஞ்சள் நிறம் தோன்றும். மஞ்சளான அவ்வுப்பினை ஈரக்காற்றில் வைப்பின் மீண்டும் பச்சையாகும். நிக்கல், செம்பு போன்ற இடைநிலை உலோகங்களின் உப்புகள் பலவும் இவ்வாறு தம்மைச் சூழ்ந்திருப்பவற்றிற்கு ஏற்ப நிறம் மாறும் இயல்பின. இவ்வுப்பு நீரில் மிக எளிதாகக் கரையும். கரைந்து இலையினுள்ளும் ஊறிச் சென்று, அங்கே வேரோடத் தொடங்கிய பூஞ்சணத்தை ஒடுக்கும். வெளியில் நிற்கும் காவலனாகச் செம்பும், உள்ளே புகும் வேட்டுவனாக நிக்கலும் அமைய, இரண்டினையும் கூட்டித் தெளித்தல் தென்னிந்தியத் தேயிலை நாட்டின் வழக்கமாயிற்று. ஹெக்டேர் ஒன்றுக்கு ஒருமுறைக்கு ஒவ்வொன்றிலும் 210 கிராம் என்பது பரிந்துரைக்கப்பட்ட அளவுகளுள் ஒன்று. மழைக்காலத்தில் சின்னாள் இடைவிட்டு மீண்டும் மீண்டும் தெளிக்கவேண்டும், என்னை? கிள்ளக் கிள்ளப் புதுத்தளிர் எழும். புதுத்தளிருக்குப் பழைய போர்வை இராது.

இனி இவ்வேற்றுமையின் மறுபக்கத்தைக் காண்போம். இலையினுள் ஊறவல்லது, வியர்வையால் நனைந்த தோலிலும் ஊறும். நிக்கல் உப்புகள் தோலிற் பட்டுப் பட்டுச் சிலருக்குத் தீராத அரிப்பினையும் சொறியினையும் உண்டாக்குவன. ஒருமுறை அவ்வொவ்வாமை தோன்றிய உடம்பு, பின்னர் நிக்கல் கலந்த வளையலோ கடிகாரப் பட்டையோ பட்டாலும் பொறாது. அன்றியும், உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1990-ஆம் ஆண்டில் நிக்கல் சேர்மங்களை, மனிதர்க்குப் புற்றுநோய் விளைப்பன என்று உறுதிப்பட்டவற்றின் முதல் வகுப்பில் வைத்தது. நடுநிலை கருதி ஒன்று கூறவேண்டும். அம்முடிவுக்குச் சான்றானவர் நிக்கல் சுத்திகரிப்பு ஆலைகளில் அதன் தூளையும் புகையையும் ஆண்டுக்கணக்காக மூச்சில் இழுத்த தொழிலாளர். தேயிலை தெளித்தவர் அல்லர். எனவே தெளித்தார்க்கெல்லாம் அந்நோய் வரும் என்று கூறி எவரையும் அச்சுறுத்த யாம் ஒருப்படோம். இத்தகைய பொருளை மூடாத மூக்கோடும் மூடாத கையோடும் கலக்குதல் தகாது என்பதனைக் கலக்குபவன் அறிந்திருத்தல் வேண்டுமென்றே கூறுவோம். இன்று நடுவணரசின் பயிர்நஞ்சுப் பட்டியலில் நிக்கல் குளோரைடு, விலக்கிக்கொள்ளப்பட்டவற்றின் வரிசையில் நிற்கின்றது. அச்செய்தி அரசிதழில் ஏறியது. அதனை முன்னாளில் வாளிவாளியாகக் கலக்கியவருள் எத்துணைப் பேர் செவியில் ஏறியது?

செம்பும் குற்றமற்றதன்று. அது தனிப்பொருள் ஆதலின் மக்கி அழியாது, மண்ணிலே தங்கும். நீரிற் சேரின் மீனினத்துக்குக் கேடு. மாஞ்சோலை மலையில் பெய்யும் மழை மணிமுத்தாறாகித் தாமிரபரணியிற் கலப்பது. மலைமீது இடுவது எதுவாயினும் அதன் வழி கீழ்நோக்கியதே என்பதனை நம் நாட்டார் மறத்தலாகாது. முன்னாளில் ஊத்துத் தோட்டத்துத் தேயிலை விற்பனையானது போல, இயற்கைவழியில் விளைந்தது என்னும் பெயரோடு விற்பனையாகும் தேயிலைக்கு நிக்கல் உப்பு ஆகாது. செம்போ அளவோடு ஏற்கப்படுகின்றது. ஐரோப்பிய ஒன்றியம், ஹெக்டேருக்கு ஏழாண்டில் 28 கிலோகிராம் செம்புக்கு மேற்படலாகாது என்று 2018-ஆம் ஆண்டில் வரையறுத்தது. பழக்கத்தால் தீங்கற்றதென்று எண்ணப்படும் செம்புக்கே அளவுகோல் வேண்டப்படுகின்றது என்பதனை இதனால் அறியலாம்.

இவ்வுண்மைகளையெல்லாம் மறைத்து நிற்பது ஒரு சொல். அது ‘மருந்து’ என்பது. பூச்சி கொல்வதும் மருந்து. பூஞ்சணம் கொல்வதும் மருந்து. குழந்தையின் காய்ச்சலுக்குக் கொடுப்பதும் மருந்து. சொல் ஒன்றாயிருத்தலின் அச்சமும் ஒன்றாகிவிடுகின்றது. அஃதாவது, அச்சமே இல்லாதொழிகின்றது. மருந்துபட்ட கையைத் துணியில் துடைத்துக்கொண்டு அக்கையாலேயே சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பவனை அறிவிலி என்று நகைப்பது எளிது. அவன் நம் சொல்லை நம்பினான். அதுவே அவன் செய்த பிழை. வனாந்தரத்தில் பாம்பு கடித்தோர் நோக்கிப் பிழைக்கும்படி மோசே உயர்த்திய வெண்கலச் சர்ப்பத்தை, பிற்காலத்தார் அதன் காரணத்தை மறந்து, தூபம் காட்டி வணங்கினர் என்றும், எசேக்கியா அரசன் அதனை உடைத்தெறிந்தான் என்றும் வேதாகமத்திற் படிக்கின்றோம். உயிர்காத்த பொருளேயாயினும், இன்னதென்று அறியாமல் கையாளப்படுமாயின் அது கேடாகும் என்பதற்கு அதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இனி எம் நண்பர் சிலர் கூறும் தடைகளை நோக்குவோம். “தமிழ்ச் சிறப்பு வகுப்பினர்க்கு இரசாயனம் எற்றுக்கு?” என்பர் ஒருசாரார். சொல்லால் விளைந்த கேட்டினைச் சொல்லைக் கற்பவன் ஆராயாது வேறு யாவர் ஆராய்வர்? “தமிழில் இப்பொருள்களைக் கூறச் சொல் ஏது?” என்பர் மற்றொருசாரார். அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவர்தம் முயற்சியால் ‘கெமிஸ்தம்’ என்னும் இரசாயன நூல் 1875-ஆம் ஆண்டிலேயே தமிழில் வெளிவந்தது. ஒன்றரை நூற்றாண்டிற்கு முன் கடல் கடந்து வந்தவருக்குக் கிட்டிய சொல், தமிழையே தாய்மொழியாகப் பெற்ற நமக்குக் கிட்டாதோ? அன்றியும், செம்பின்மேற் பிறக்கும் பச்சைப் படிவுக்குக் ‘களிம்பு’ என்னும் பெயர் நம்மிடம் தொன்றுதொட்டு உண்டு. சைவ சித்தாந்தம் உயிரைப் பற்றிய ஆணவமலத்திற்கு உவமை கூறுவதும் செம்பிற் களிம்பினையே. தாமிரசபையைத் தன்னகத்தே கொண்டதும், தாமிரம் என்னும் சொல்லைத் தன் ஆற்றின் பெயரிலேயே தாங்கியதுமான நம் நாட்டில், எந்தப் பாட்டியும் களிம்பேறிய பாத்திரத்தில் புளிக்குழம்பு வையாள். ‘இது செம்புக்களிம்பு’ என்று ஒருமுறை கூறிவிட்டால், அதனைக் கையோடு வாய்க்குக் கொண்டுபோகலாகாது என்பதனை வேறு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆயிரம் ஆண்டு அனுபவம் அச்சொல்லின் உள்ளே இருக்கின்றது. ‘மருந்து’ என்றதனால் அவ்வனுபவம் அனைத்தையும் நாம் வாயிலுக்கு வெளியே நிறுத்திவிட்டோம்.

“பொதியோடு வட்டார மொழியிலும் குறிப்புத்தாள் வைக்கவேண்டும் என்று சட்டமே கூறுகின்றதே” எனின், கூறுகின்றது, நன்று. ஆயின் பொடியெழுத்தில், ஆங்கில வாக்கியத்தின் நிழலாக அமைந்த தமிழினை, மழையில் நனைந்தபடி யார் படிப்பார்? பெரிய பொதியைப் பிரித்துச் சிறு பொட்டலமாகக் கட்டித் தருமிடத்துக் குறிப்புத்தாள் உடன் வருவதுமில்லை. பொதியின்மேல் சாய்சதுரத்தில் இட்ட சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்னும் நான்கு வண்ணங்களும் நஞ்சின் கடுமையை முறையே குறிப்பன என்பதனை, வகுப்பறையில் யாம் வினவியபோது அறிந்தவர் மிகச் சிலரே. உழவர் மக்களும் அவருள் இருந்தனர்.

குறை கூறி விடுதல் எளிது. ஆதலின் செம்புத்தூளுக்கு யாமே ஓர் அறிவிப்பு எழுதிப் பார்த்தோம். அது வருமாறு: “இது செம்புக்களிம்பு. பூஞ்சணத்தைக் கொல்லும் நஞ்சு. நீரில் கரையாது, கலக்கிக்கொண்டே தெளிக்க. நோய் வருமுன் காக்கும், வந்தபின் தீர்க்காது, ஆதலால் கூடுதலாக இடுவதால் பயன் இல்லை. மூக்கையும் வாயையும் துணியால் மூடுக. காற்று வீசும் திசைக்கு எதிரே நின்று தெளியாதே. கையும் முகமும் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே உண்க. கழுவிய நீரை ஓடையிலும் கிணற்றிலும் விடாதே.” இதனை எழுத எமக்கு ஒரு மாலைப்பொழுது சென்றது. எழுதியதனை முன்னர்க் கூறிய பெரியவரிடம் படித்துக் காட்டினோம். அவர் சற்றுநேரம் வாளாவிருந்து, “வந்தபொறவு தீர்க்காதுன்னு அப்பமே சொல்லியிருந்தா, கொப்புளம் கண்ட எடத்துல ரெண்டு பங்கு போட்டிருக்க மாட்டோமே தம்பி,” என்றார். எம் தமிழ்க் கல்விக்கு இதுகாறும் யாம் பெற்ற மதிப்பெண் எதுவும் அச்சொல்லுக்கு ஈடாகாது. அச்சொல்லைப் போல எம்மை நாணச் செய்ததும் வேறில்லை.

மலைத்தோட்டத்தின் தெளிப்புக் காலம் மாஞ்சோலையில் முடிந்துவிட்டது. ஆயின் கீழே தாமிரபரணிப் பாசனத்தில் வாழைக்கும் மிளகாய்க்கும் அதே பச்சைமாவு, லிட்டருக்கு 2.5 கிராம் என்னும் கணக்கில் இன்றும் கலக்கப்படுகின்றது. கலக்குவோர் நம் தந்தையரும் உடன்பிறந்தாரும் ஆவர். எம் விண்ணப்பம் இதுவே. கல்லூரிதோறும் தமிழ்த்துறையும் இரசாயனத்துறையும் ஓராண்டில் ஒரு வாரம் ஒன்றுகூடுக. சுற்றுப்புறத்துக் கடைகளில் விற்கும் தெளிபொருள் ஒவ்வொன்றிற்கும் இத்தகைய அறிவிப்பு ஒன்று எழுதுக. அதனைப் படிக்கவேண்டியவரிடமே முதலிற் படித்துக் காட்டித் திருத்துக. பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கடைச்சுவரிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் தேவாலய முற்றத்திலும் ஒட்டுக. இதற்குப் பொருள் மிகுதியும் வேண்டா. சட்டம் புதிதாக வேண்டா.

சங்கச் செய்யுளில் ஓர் அருஞ்சொல்லுக்குப் பொருள் காணப் பல நாள் முயல்கின்றோம், அது நன்றே. ‘மருந்து’ என்னும் எளிய சொல்லுக்கும் அவ்வாறே பொருள் காண ஒரு மாலைப்பொழுதினைத் தருவோமாக. தேயிலையின் நிறத்தையும் மணத்தையும் நாம் நாடோறும் துய்க்கின்றோம். அதனைக் காத்த கை, தான் கலக்கியது இன்னதென்று அறியாமலே மலையிலிருந்து இறங்கியது. கீழே இன்று கலக்கும் கையேனும் அறிந்து கலக்குமாக.